ஸ்கீ பூட்ஸ் கடிக்காமல் இருக்க: முதன்முறை மலைக்குப் போகிறவர்களுக்கு

பிப்ரவரியில் சுவிஸ் பள்ளிகளுக்கு விளையாட்டு விடுமுறை வரும். அந்த வாரங்களில் கிரிண்டல்வால்டோ எங்கல்பெர்கோ, எந்த ஸ்கீ (பனிச்சறுக்கு) மலைக்குப் போனாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உணவக பெஞ்சுகளைக் கவனியுங்கள். பூட்ஸின் பக்கிள்களை எல்லாம் திறந்துபோட்டு, முகத்தைச் சுளித்தபடி கணைக்காலைத் தடவிக்கொண்டு நாலைந்து பேராவது உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால் ஒரே பதில்தான்: "பூட்ஸ் ரொம்பக் கடிக்குதுங்க. நாளைக்கு ஒரு சைஸ் பெருசா மாத்திக்கணும்."

அவர்களில் பெரும்பாலானோர் போட்டிருப்பதே பெரிய பூட்ஸ்தான்.

பெரிய பூட்ஸ் எப்படிக் கடிக்கும்? உள்ளே கால் ஆடுகிறது. ஆட்டத்தை நிறுத்தப் பக்கிளை இழுத்து இறுக்குகிறோம். புறங்காலில் தோலுக்கு அடியிலேயே நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன. அங்கே அழுத்தம் விழுந்தால் கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்து, ஜில்லிட்டுப்போகும். அப்படி இறுக்கியும் குதிகால் அடங்குவதில்லை. அது தூக்கிக்கொடுக்கத் தூக்கிக்கொடுக்க, விரல்கள் பிடிமானம் தேடி மடங்கும், உள்ளங்கால் தசை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கணைக்கால் எலும்பு ஒவ்வொரு திருப்பத்திலும் பூட்ஸின் முன்பக்கத்தில் போய் முட்டும். சாயங்காலத்துக்குள் அந்த இடம் கன்றிப்போயிருக்கும். இப்படிப்பட்டவர் மறுநாள் இன்னும் ஒரு சைஸ் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே எழுதுவது மலைச்சரிவில் இறங்கும் ஆல்பைன் ஸ்கீ பூட்ஸைப் பற்றி மட்டும். சமதளத்தில் ஓடும் ஸ்கீக்கும், ஏறிப்போகும் டூரிங் ஸ்கீக்கும் பூட்ஸ் வேறு, கணக்கும் வேறு. இந்தியாவில் குல்மர்கிலோ அவுலியிலோ கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கும் இதே முறைதான் பொருந்தும்.

ஏன் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது?

கையில் தூக்கிப் பார்த்ததுமே பலருக்குப் பயம் வந்துவிடும். வெளியே ஷெல் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் கூடு. உள்ளே லைனர் என்கிற பஞ்சு மெத்தை. அதைத் தனியாக வெளியே எடுக்கலாம். முன்பக்கம் வழக்கமாக நான்கு பக்கிள்கள்: விரல்களுக்கு மேல் ஒன்று, புறங்காலுக்கு மேல் ஒன்று, கணுக்காலுக்குச் சற்று மேலே ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. உச்சியில் ஒரு அகலமான ஒட்டுப்பட்டை.

ஸ்கீயைத் திருப்புவது கணைக்கால்தான். முழங்காலை முன்னே தள்ளி, கணைக்காலைப் பக்கவாட்டில் சாய்த்தால், அந்த அசைவு பூட்ஸ் வழியாகக் கீழே ஸ்கீயின் விளிம்புக்குப் போய்ச் சேர வேண்டும். முன்பெல்லாம் தோல் பூட்ஸ்தான்; நனைந்தால் தொளதொளத்துவிடும். 1960-களில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துக்காரரான பாப் லேங் பிளாஸ்டிக் பூட்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் விளையாட்டே மாறியது. கூடவே வந்த கணைக்கால் வலிக்கு ஸ்கீக்காரர்கள் 'லேங் பேங்' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். இன்று இத்தாலியின் மோன்டெபெல்லூனா வட்டாரம்தான் இந்தத் தொழிலின் தலைநகரம் மாதிரி; நோர்டிகா, டெக்னிகா எல்லாம் அந்தப் பக்கத்துக் கம்பெனிகள். லைனர் நுரையும் பிளாஸ்டிக்கும் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும் கெட்டிக் கூட்டுக்குள் கால் அசையாமல் இருக்க வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

வீட்டிலேயே காலை அளந்துகொள்ளுங்கள்

ஸ்கீ பூட்ஸின் சைஸ் நாம் கடையில் கேட்கும் எட்டு, ஒன்பது அல்ல. மோண்டோபாயிண்ட் என்ற முறை. அதாவது உங்கள் பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். 26.5 என்றால் 26.5 செ.மீ. நீளமுள்ள கால். இதைவிட எளிமையான சைஸ் முறை கிடையாது. ஆனாலும் எல்லோரும் அட்டவணையைத் தேடி ஓடுகிறார்கள். யூகே 8 போடுகிறவருக்கு அட்டவணை 27 என்று காட்டும். ஊரில் ஷூ வாங்கும்போது விரலுக்கு முன்னால் இடம் விட்டு வாங்கிய எட்டு அது. அதே ஆளின் காலை அளந்தால் 26 வரலாம். ஆக, வேலை ஆரம்பிக்கும் முன்பே ஒரு சைஸ் கூடிப்போகிறது.

அளப்பது இப்படி. சாயங்காலம் அளங்கள், காலையைவிட அப்போது கால் சற்று உப்பியிருக்கும். சுவரை ஒட்டித் தரையில் ஒரு வெள்ளைத் தாள். வெறுங்காலோடு, குதிகால் சுவரைத் தொட, இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டு அளந்தால் சில மில்லிமீட்டர் குறையும். நீங்களே குனிந்தால் எடை இடம் மாறிவிடும். வீட்டில் யாரையாவது பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து நீளமான விரலின் நுனியில் கோடு போடச் சொல்லுங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும். அப்போது அதுதான் கணக்கு. இரண்டு காலையும் அளங்கள், ஒன்று போல மற்றொன்று இருப்பது அபூர்வம். பெரிய காலின் அளவை வைத்து சைஸ் பாருங்கள், சின்னக் காலை லைனரிலும், இன்சோல் என்கிற உள்ளடித் தட்டிலும் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

அப்படியே பாதத்தின் மிக அகலமான இடத்தையும், பெருவிரல் மூட்டிலிருந்து சுண்டுவிரல் மூட்டு வரை, அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் செருப்பிலும் வெறுங்காலிலுமே வளர்ந்தவர்களில் பலருக்கு முன்பாதம் நன்றாக விரிந்திருக்கும். அவர்கள் கடையில் நீளத்தைக் கூட்டிக் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தேவை அகலம்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகங்களை வெட்டிவிடுங்கள். முந்தின இரவு ஒட்ட வெட்டினால் அதுவே தனியாக வலிக்கும்.

ஒரு ஜோடி சாக்ஸ், ஒன்றே ஒன்று

குளிர் என்றதும் இரண்டு சாக்ஸ் போடத் தோன்றும். வேண்டவே வேண்டாம். இரண்டு அடுக்கு ஒன்றின் மேல் ஒன்று நழுவி, சுருங்கி, அந்தச் சுருக்கம் பிளாஸ்டிக்குக்கும் எலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். தடித்த சாக்ஸும் இதே கதைதான். இடம் அடைத்து ரத்த ஓட்டத்தைக் குறைத்தால் கால் முன்பைவிட அதிகமாகக் குளிரும். மெல்லிய, முழங்காலுக்குக் கீழ் வரை நீண்ட ஸ்கீ சாக்ஸ் ஒரு ஜோடி போதும். மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ இருக்கட்டும். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். பூட்ஸ் வாடகைக்குக் கிடைக்கும், சாக்ஸ் கிடைக்காது. அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கடைக்கு அளவு பார்க்கப் போகும்போதும் அதே சாக்ஸைக் கொண்டுபோங்கள்.

கடையில்: முதலில் ஷெல்லைப் பாருங்கள்

லைனரோடு பூட்ஸுக்குள் காலை விட்டால் எல்லாமே இறுக்கமாகத்தான் தெரியும். அதை வைத்து சைஸ் முடிவு செய்ய முடியாது. லைனரை வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். வாங்குவதானால் இதைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். வாடகைக் கடையில், குறிப்பாக சனிக்கிழமை காலைக் கூட்டத்தில், முகம் சுளிப்பார்கள். கூட்டம் இல்லாத முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டால் பொறுமையாகச் செய்து தருவார்கள்.

வெறும் ஷெல்லுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொடும்வரை காலை முன்னே நகர்த்துங்கள். முழங்காலைச் சற்று மடக்குங்கள். இப்போது குதிகாலுக்கும் ஷெல்லின் பின்சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம்? இதைத்தான் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் விரல் தடிமன் மாறும் என்பதால் நான் பென்சிலைப் பரிந்துரைப்பேன். சாதாரணப் பென்சில் ஏறக்குறைய 7 மி.மீ. தடிமன். இரண்டு பென்சில் சேர்த்து நுழைந்தால் 15 மி.மீ. அளவு, மூன்று நுழைந்தால் 20-ஐத் தாண்டும். புதிதாகக் கற்கிறவருக்கு இரண்டு முதல் மூன்று பென்சில் வரை சரி. நான்கு பென்சில் தாராளமாக நுழைகிறது என்றால், லைனரோடு எவ்வளவு சுகமாக இருந்தாலும் அதை வைத்துவிட்டு அடுத்த சின்ன ஷெல்லைக் கேளுங்கள். ஒரு பென்சிலே திணறினால் அது பந்தயக்காரர்களின் அளவு, நமக்கு வேண்டாம்.

ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் கடையில் ஏமாற மாட்டீர்கள். 26, 26.5 இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே ஷெல்தான். அரை சைஸ் வித்தியாசம் உள்ளே இருக்கும் இன்சோலிலோ லைனரிலோதான். குதிகால் பக்கம் ஷெல்லின் வெளியே 305, 315 என்று மில்லிமீட்டரில் ஒரு எண் அச்சாகியிருக்கும். அது பூட்ஸின் வெளி அடி நீளம். இரண்டு பூட்ஸிலும் அந்த எண் ஒன்றே என்றால், "அரை சைஸ் பெருசு தர்றேன்" என்ற பேச்சுக்குப் பெரிய அர்த்தமில்லை.

நீளம் சரியானபின் அகலம். லாஸ்ட் என்று ஒரு எண் சொல்வார்கள்: 97, 98 என்றால் ஒடுக்கம், 100 நடுத்தரம், 102-க்கு மேல் அகலம். 26.5 சைஸில் முன்பாதம் இருக்கும் இடத்தின் அகலம் அது, மில்லிமீட்டரில். வாடகை பூட்ஸ் பெரும்பாலும் அகலமாகவே வரும். ஒடுங்கிய பாதம் உள்ளவர்கள், முக்கியமாக மெலிந்த பெண்கள், அதில் பக்கவாட்டில் நீந்துவார்கள். அவர்கள் ஒடுக்கமான மாடல் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அகலத்தைக் கேட்கிறவர்கள் கூட புறங்காலின் உயரத்தை மறந்துவிடுவார்கள். புறங்கால் எழும்பியிருப்பவருக்கு நீளமும் அகலமும் கச்சிதமாக இருந்தும் கால் மரத்துப்போகும். புறங்காலுக்கு மேலிருக்கும் பக்கிளை மாட்டாத நிலையிலேயே அங்கே அழுத்தம் தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் அந்த மாடல் உங்களுக்கில்லை. கெண்டைக்கால் பருத்தவர்களுக்கு மேல் பக்கிள் எட்டாது. பக்கிள் பிடிக்கும் பல்வரிசையையே திருகைக் கழற்றி நகர்த்திப் பொருத்தும் வசதி பல பூட்ஸில் உண்டு. கேட்டால் இரண்டு நிமிட வேலை.

கடைசியாக ஃப்ளெக்ஸ், அதாவது முன்னோக்கி வளைய எவ்வளவு அடம் பிடிக்கும் என்ற எண். 60-லிருந்து 130 வரை பார்க்கலாம். கற்கும் பெண்களுக்கு 60 முதல் 80, ஆண்களுக்கு 80 முதல் 100 என்பது தோராயமான கணக்கு; உயரமும் எடையும் கூடினால் எண்ணும் கூடும். இதற்குக் கம்பெனிகளுக்குள் பொது அளவுகோல் கிடையாது, ஒருவரின் 90 இன்னொருவரின் 80 போல இருக்கும். சூடான கடைக்குள் மென்மையாக வளையும் பிளாஸ்டிக், மலையில் பூஜ்யத்துக்குக் கீழே போனதும் விறைக்கும். ஆகவே கடையிலேயே வளைக்கச் சிரமமாக இருந்தால் மலையில் அசையவே அசையாது. எண்ணைப் பெருமைக்காக ஏற்றிக்கொள்வது பெரும்பாலும் ஆண்களின் நோய்.

மாட்டும் முறை

நல்ல சைஸ் பூட்ஸையும் தப்பாக மாட்டினால் கடிக்கும். இதை நிதானமாகச் செய்யுங்கள்.

பூட்ஸ் சூடாக இருக்க வேண்டும். ராத்திரி காரின் டிக்கியில் கிடந்த பூட்ஸ் கல் மாதிரி விறைத்திருக்கும். அதற்குள் காலைத் திணிப்பதற்குள் வியர்த்து, சாக்ஸ் ஈரமாகி, அன்றைய தினமே வீணாகும். அறைக்குள்ளேயே வைத்திருங்கள்.

நான்கு பக்கிளையும் மேல்பட்டையையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். லைனரின் நாக்கைப் பிடித்து முன்னால் இழுத்து, ஷெல்லின் இரண்டு ஓரங்களையும் பக்கவாட்டில் விரித்துப் பிடித்தபடி, எழுந்து நின்று, விரல்களைக் கீழ்நோக்கி நீட்டிக் காலை இறக்குங்கள். கண்ணாடி வளையல் போடும்போது கைமொழியைத் தாண்டும்வரைதான் பாடு, தாண்டிவிட்டால் மணிக்கட்டில் இடம் இருக்கும்; இதுவும் அப்படித்தான். கழுத்து இறுக்கமாக இருக்கிறதே என்று அங்கேயே "சின்ன சைஸ்" என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

கால் இறங்கியதும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். நாக்கு நடுவில் நேராக இருக்கிறதா? லைனரின் ஓரம் மடங்கியிருக்கிறதா? சாக்ஸ் சுருக்கம் இல்லாமல் மேலே இழுபட்டிருக்கிறதா? கணைக்காலுக்கும் நாக்குக்கும் நடுவே சாக்ஸைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. உள்ளே போட்ட தெர்மல் பேன்ட்டை பூட்ஸுக்கு மேலே சுருட்டிவிடுங்கள். ஸ்கீ பேன்ட்டின் உட்புறம் ஒரு எலாஸ்டிக் பாவாடை போல இருக்கும். அது பூட்ஸுக்கு வெளியே போர்த்துவதற்கு, உள்ளே செருகுவதற்கல்ல. முதல் நாள் கணைக்கால் வலிக்கு ஓடிவருகிறவர்களைப் பார்த்தால், பாதிப் பேருக்கு இந்தத் தெர்மலின் தையல்கோடு காலில் அப்படியே பதிந்திருக்கும்.

இப்போது குதிகாலைத் தரையில் மூன்று நான்கு தரம் தட்டி, பின்னுக்குத் தள்ளி உட்காரவையுங்கள். முழங்காலை முன்னே வளைத்தபடியே கணுக்காலுக்குச் சற்று மேலிருக்கும் பக்கிளை, அதாவது கீழிருந்து மூன்றாவதை, முதலில் மாட்டுங்கள். குதிகாலைப் பின்னால் பிடித்து வைப்பதில் அதற்குத்தான் பெரிய பங்கு. பிறகு உச்சிப் பக்கிள், பிறகு மேல்பட்டை. மேல்பட்டையைத் தளரவிடுகிறவர்கள் பலர். அது தளர்ந்தால் கணைக்காலுக்கும் பூட்ஸுக்கும் நடுவே இடைவெளி விழுந்து முட்டத் தொடங்கும். எழுந்து நின்று பத்து தரம் முழங்காலை முன்னே அழுத்துங்கள். குதிகால் இன்னும் கொஞ்சம் பின்னால் போய் உட்காரும், பக்கிள்கள் தளரும். ஒரு பல் கூட்டிக்கொள்ளலாம். கீழே உள்ள இரண்டு பக்கிள்களும் கடைசியில்தான். அவை காலைப் பிடிப்பதற்கல்ல, ஷெல் மூடியிருப்பதற்கு. கலகலக்காத அளவுக்கு மாட்டினால் போதும்.

எல்லாப் பக்கிளையும் ஒரு கையால் மூட முடிய வேண்டும். இரண்டு கையும் பல்லைக் கடிப்பதும் தேவைப்பட்டால் எங்கோ தப்பு. ஒரு பல் தளர்வாகவும் அடுத்த பல் இறுக்கமாகவும் இருந்தால், பெரும்பாலான பூட்ஸில் பக்கிளின் கம்பியையே திருகலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் நூலளவு நீளமோ குறைவோ ஆகும். வாடகை எடுக்கும் பலருக்கு இது திருகும் என்பதே தெரியாது.

நின்று பாருங்கள், வளைந்து பாருங்கள்

நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கம் உரச வேண்டும். முழங்காலை வளைத்தால் விரல்கள் பின்வாங்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து நடந்தால் நீளம் சரி. கடைக்காரர்களும் பயிற்சியாளர்களும் அலுக்காமல் சொல்வது இதுதான், ஆனால் புதியவர்கள் நிமிர்ந்து நின்றபடியே "விரல் இடிக்குது" என்று சொல்லிக் கழற்றிவிடுகிறார்கள். ஸ்கீ செய்யும்போது யாரும் நிமிர்ந்து நிற்பதில்லை. வளைந்த நிலையில் விரல்களை ஆட்ட முடிய வேண்டும். மடக்கி முடங்கிக் கிடக்கக் கூடாது.

அடுத்தது குதிகால். பூட்ஸின் குதியை யாராவது மிதித்துப் பிடித்துக்கொள்ள, நீங்கள் குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். சற்றே அசைந்தால் பரவாயில்லை. செருப்பிலிருந்து எழுவது போல எழும்பினால் பூட்ஸ் பெரியது, அல்லது வடிவம் உங்களுக்கு ஒத்துவரவில்லை.

பிறகு பதினைந்து இருபது நிமிடம் அதோடு கடையிலேயே இருங்கள். காலைச் சுற்றி எங்கும் சீராக ஒரு பிடி இருந்தால் அது நல்ல அறிகுறி. நேரம் போகப் போகப் பழகும். ஒரே ஒரு புள்ளியில், சுண்டுவிரல் மூட்டிலோ கணுக்கால் முண்டிலோ பாதத்தின் உட்பக்க எலும்பிலோ, குத்தினால் அது தானாகச் சரியாகாது. இங்கே புது பூட்ஸுக்கும் வாடகை பூட்ஸுக்கும் வித்தியாசம் உண்டு. புது லைனர் சில நாள் ஓட்டத்தில் அமுங்கி இடம் கொடுக்கும், ஆகவே புதிது கடையில் கொஞ்சம் கூடுதல் இறுக்கமாகவே இருக்கட்டும். வாடகை லைனர் எத்தனையோ கால்கள் போய் ஏற்கெனவே அமுங்கியது. இன்று தளர்ந்தால் நாளையும் தளரும். இன்று குத்தினால் நாளையும் குத்தும்.

அப்படிக் குத்தினால் சைஸை ஏற்றாதீர்கள், மாடலை மாற்றுங்கள். அதே 26-இல் வேறு கம்பெனி, வேறு அகலம். ஒவ்வொரு கம்பெனியின் ஷெல்லும் ஒவ்வொரு பாதத்தை மனதில் வைத்து வார்த்தது, உங்களுடையது எதற்கு ஒத்துவருகிறது என்பது போட்டால்தான் தெரியும்.

சொந்தமாக வாங்குகிறவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மலையடி ஊர்களில் பூட்ஸ் சரிசெய்யும் கைதேர்ந்தவர்கள் இருப்பார்கள். எலும்பு முட்டும் இடத்தில் ஷெல்லைச் சூடாக்கி வெளியே தள்ளுவார்கள், லைனரைச் சூடாக்கி உங்கள் கால் வடிவத்துக்கு அமுக்குவார்கள், உள்ளங்காலுக்கேற்ற இன்சோல் செய்து தருவார்கள். இடம் போதாத ஷெல்லில் இடம் உண்டாக்க முடியும். பெரிய ஷெல்லைச் சின்னதாக்க முடியாது. ஆண்டுக்கு ஒரு வாரம்தான் போகிறீர்கள் என்றால் ஸ்கீயை வாடகைக்கே எடுங்கள். முதலில் சொந்தமாக ஏதாவது வாங்குவதென்றால் அது பூட்ஸாக இருக்கட்டும்.

பைண்டிங்: மறக்கக் கூடாத ஒன்று

பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பைண்டிங், விழும்போது விடுவிக்க வேண்டும். எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, ஸ்கீ செய்யும் விதம், பூட்ஸின் அடி நீளம் இவற்றை வைத்துக் கடையில் அமைப்பார்கள். ஆகவே பூட்ஸை மாற்றினால் ஸ்கீயையும் கொண்டுபோய் மறுபடி அமைத்து வாங்குங்கள். பாதி நாளில் நண்பரோடு பூட்ஸை மாற்றிப் போட்டுக்கொள்வது ஆபத்து. கிரிப்வாக் என்ற வளைந்த ரப்பர் அடி உள்ள பூட்ஸ் எல்லாப் பழைய பைண்டிங்கிலும் பொருந்தாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் எடையைக் கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். கல்யாணத் தரகரிடம் சொல்லும் எடை இங்கே முழங்காலில் வந்து முடியும்.

மலையில் முதல் நாள்

வாகன நிறுத்தத்திலிருந்து லிஃப்ட் வரை நடக்கும்போது மேல் பக்கிள்களைத் திறந்தே வைத்து, குதிகாலை முதலில் ஊன்றி நடங்கள். ஸ்கீயை மாட்டும் முன்தான் சரியாகப் பூட்ட வேண்டும். இரண்டு இறக்கம் முடிந்ததும் லைனர் சூடாகி, கால் உள்ளே இறங்கியிருக்கும். அப்போது மூன்றாவது, நான்காவது பக்கிளை ஒரு பல் கூட்டுங்கள். காலையில் முதல் பூட்டிலேயே கடைசிப் பல்லுக்குப் போய்விட்டால் இதற்கு இடமில்லாமல் போகும்.

விரல்கள் மரத்தால் முதலில் கீழ்ப் பக்கிள் இரண்டையும் முழுக்கத் திறந்து ஒரு இறக்கம் போய்ப் பாருங்கள். நிறையப் பேருக்கு அதுவே போதும். உள்ளங்கால் பிடித்துக்கொண்டால் உங்களை அறியாமல் விரல்களை மடக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். பயத்திலும் அப்படி மடங்கும், சரிவு கொஞ்சம் கடினமானதோ என்றும் யோசியுங்கள். கணைக்கால் வலித்தால் மேல்பட்டையைப் பாருங்கள், அதைவிட உங்கள் நிற்கும் விதத்தைப் பாருங்கள். பின்னால் சாய்ந்து உட்காருவது போல ஸ்கீ செய்கிறவருக்கு, எழும் ஒவ்வொரு முறையும் கணைக்கால் முன்னே போய் மோதும். முன்பக்கம் ஒரே சீராக அழுத்திக்கொண்டே இருந்தால் மோதுவதற்கு இடமில்லை. குதிகாலில் சூடாக உரசுவது தெரிந்தால் உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபிறகு ஒட்டிப் பெரிய பயனில்லை.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வலியை நம்பி இருக்க முடியாது. முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். மலையில் அடிக்கடி பூட்ஸைக் கழற்றி, தோல் சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு

பள்ளியிலிருந்து பனிச்சறுக்கு முகாமுக்கு அழைத்துப் போகும்போது, "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கித் தருவது நம் வீடுகளில் நடப்பதுதான். பள்ளிச் சீருடைக்கு அது சரி. இங்கே அந்தப் பிள்ளையால் ஸ்கீயைத் திருப்ப முடியாது, பயந்து போகும், அடுத்த வருஷம் வரவே மாட்டேன் என்னும். வளரும் காலுக்கு ஷெல்லில் 2 செ.மீ. வரை இடம் போதும். சுவிஸ் கடைகள் பலவற்றில் பருவம் முழுவதற்கும் சேர்த்து வாடகைக்குத் தருகிறார்கள். பிள்ளைகளுக்கு வாங்குவதைவிட அதுவே மேல். பூட்ஸ் மாட்டிய பிள்ளையால் முழங்காலை முன்னே வளைக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். முடியாவிட்டால் அது அந்த உடம்புக்குக் கெட்டி. சின்னப் பிள்ளைகள் "வலிக்கிறது" என்று சொல்லாமல் "எனக்கு ஸ்கீ பிடிக்கலை" என்பார்கள். அப்போது பூட்ஸைக் கழற்றிக் காலைப் பாருங்கள்.

சாயங்காலம்

அறைக்கு வந்ததும் லைனரை வெளியே எடுத்து, அல்லது நாக்கையாவது நன்றாக விரித்து, காற்றாட வையுங்கள். விடுதியில் சூடான காற்று வரும் பூட்ஸ் தாங்கி இருந்தால் அதில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஹீட்டரின் மேலேயோ அடுப்பின் பக்கத்திலோ வைத்தால் லைனரின் நுரையும் பசையும் கெடும். ஈரம் போகாத லைனர் மறுநாள் காலை எத்தனை நல்ல சாக்ஸையும் தோற்கடிக்கும். காய்ந்தபின் பூட்ஸைத் திறந்தே போடாமல் பக்கிள்களை லேசாக மாட்டி வையுங்கள், திறந்தே கிடந்தால் ஷெல் வடிவம் மாறும்.

வாடகை பூட்ஸ் நன்றாக அமைந்துவிட்டால், திருப்பிக் கொடுக்கும் முன் போனில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: பக்கிள்கள் எந்தப் பல்லில் இருக்கின்றன என்று முன்பக்கம் ஒன்று, குதிகால் பக்கத்தில் கம்பெனி, மாடல், சைஸ், அடி நீளம் தெரியும்படி ஒன்று. அடுத்த முறை கவுன்டரில் அந்தப் படத்தைக் காட்டி அதையே கேளுங்கள்.